டர்பனில் போன் இடம் தப்பாகக் காட்டுகிறதா? கிராஃபீன்ஓஎஸ் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதிக்கு நான் குடிவந்து இரண்டாவது வாரம். வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு டாக்சி செயலியில் வண்டி போட்டேன். "வந்துவிட்டேன்" என்று ஓட்டுநர் அழைத்தார். நான் கேட்டில் நிற்கிறேன், வண்டியைக் காணோம். அவர் நின்றது சரிவுக்குக் கீழே, இரண்டு தெரு தள்ளி. போனை வெளிச்சமாகக் கையில் பிடித்துக்கொண்டு நான் இறங்கி நடக்க ஆரம்பித்தபோது, வீட்டுக்கார ஆன்ட்டி டார்ச்சோடு பின்னாலேயே ஓடி வந்தார். அவருக்குத் தமிழ் உடைந்து உடைந்துதான் வரும். "போன் கையில வச்சு ரோட்ல நடக்காதே தம்பி, உள்ளே வா" என்றார். அன்றைக்கு வண்டியை ரத்து செய்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் மூன்று வாரம் இதோடு போராடினேன். ஒரே நாளில் பத்து செட்டிங்கை மாற்றினேன், எது வேலை செய்தது என்றே தெரியவில்லை. ஒரு ரிப்பேர் கடையில் "ஆன்டெனா போய்விட்டது" என்று சொல்லி, பார்த்ததற்கே 450 ராண்ட் வாங்கினார்கள். ஆன்டெனா நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் தெரிந்த காரணங்கள் இரண்டு. இரண்டும் செட்டிங் சம்பந்தப்பட்டவை, சரிசெய்ய ஒரு காசு ஆகவில்லை.

இந்த ஊரில் இடம் தப்பாகக் காட்டுவதைச் சின்னத் தொல்லை என்று விட முடியாது. இருட்டில் எந்தத் தெருவில் நிற்கப்போகிறீர்கள் என்பது அதைப் பொறுத்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது கூகுளின் பிக்சல் போன், கிராஃபீன்ஓஎஸ் (தனியுரிமைக்காக மாற்றி அமைத்த ஆண்ட்ராய்டு) போட்டது. லினேஜ்ஓஎஸ் (இன்னொரு மாற்று ஆண்ட்ராய்டு), மைக்ரோஜி (கூகுள் பிளே சேவைகளுக்கு மாற்று) வைத்திருப்பவர்களுக்கு 6-ஆம் படியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். மெனு பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் தெரியும். தேட வசதியாக அவற்றை ஒலிப்படியே எழுதுகிறேன். பதிப்புக்குப் பதிப்பு மெனு இடம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நேரம்: பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம். திறந்த வானம் வேண்டும். வீட்டு முற்றம் போதும். தெரு ஓரத்தில் நின்று செய்யாதீர்கள். எனக்கு முற்றம் சிறியது என்பதால் கோயில் வளாகத்தில் ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்து செய்தேன்.

செலவு: செயலிகள் எல்லாம் இலவசம். செயற்கைக்கோள் சிக்னலுக்கு யாரும் பணம் கேட்பதில்லை, டேட்டாவும் தேவையில்லை. வரைபடத்தை இறக்குவதுதான் டேட்டாவைத் தின்னும். தென்னாப்பிரிக்கா முழுவதும் இறக்கினால் நூற்றுக்கணக்கான எம்பி போகும், ஆகவே வைஃபையில் இறக்குங்கள்.

ஆவணம்: புதிதாக வந்தவர் என்றால் முதலில் உள்ளூர் சிம். ரிக்கா சட்டப்படி பதிவு செய்யாமல் சிம் வேலை செய்யாது. பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். மின்சார பில் என் பெயரில் இல்லாததால் ஆன்ட்டியிடம் கையெழுத்துப் போட்ட கடிதமும் அவருடைய பில் நகலும் வாங்கிக்கொண்டு போனேன், ஏற்றுக்கொண்டார்கள். வெறும் பாஸ்போர்ட்டோடு போய் ஒரு முறை திரும்பி வந்த பிறகுதான் இது தெரிந்தது.

## 1. எவ்வளவு தூரம் தப்பு என்று முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றாதீர்கள். வரைபடத்தைத் திறந்து, போன் காட்டும் இடத்துக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பாதி நோய் அந்தத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஐந்து, பத்து மீட்டர் என்றால் அது தப்பே இல்லை. திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போன் ஜிபிஎஸ் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் காட்டும் என்பது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் தரும் கணக்கு. கட்டடம், மரம், சரிவு என்று வந்தால் அது கூடும்.

சில நூறு மீட்டரிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை, அதுவும் தினமும் அதே மாதிரி தப்பு என்றால் அனுமதியைச் சந்தேகியுங்கள் (படி 2). வேறு ஊரையே காட்டினால் வைஃபை, அல்லது இணையத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் (படி 5, 8). இடமே கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் படி 3, 4. இடம் சரி, அம்பு மட்டும் எதிர்த் திசையில் திரும்பி நிற்கிறது என்றால் நேராகப் படி 7.

புள்ளியைச் சுற்றி ஒரு நீல வட்டம் தெரியுமே, அதையும் கவனியுங்கள். "இந்த வட்டத்துக்குள் நீங்கள் இருக்க 68 சதவீதம் வாய்ப்பு" என்பதுதான் ஆண்ட்ராய்டு அதற்குச் சொல்லும் பொருள். அதாவது மூன்றில் ஒரு முறை நீங்கள் வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். வட்டம் பெரிதாக இருந்தால் தனக்கே சரியாகத் தெரியவில்லை என்று போன் ஒப்புக்கொள்கிறது. அப்போது புள்ளியை நம்ப வேண்டாம். சின்ன வட்டம் போட்டு உறுதியாகத் தப்பான இடத்தைக் காட்டுவதுதான் ஆபத்தானது.

இன்னொன்று: போன் சரியாகவே காட்டி, வரைபடத்தில் முகவரி தப்பாக இருக்கலாம். டர்பன் நகருக்குள் பல தெருக்களுக்குப் பெயர் மாறிவிட்டது. கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்; வெஸ்ட் ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் பிக்ஸ்லி காசெமே ஸ்ட்ரீட். பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். அப்படித் தேடி வேறு இடத்துக்குப் போனால் பழி ஜிபிஎஸ் மேல் விழும்.

## 2. அனுமதி: 'ப்ரிசைஸ்' இல்லாமல் எதுவும் நடக்காது

என் முதல் குற்றவாளி இதுதான். ஆண்ட்ராய்டு 12 முதல், ஒரு செயலிக்கு இட அனுமதி கொடுக்கும்போது 'ப்ரிசைஸ்', 'அப்ராக்ஸிமேட்' என்று இரண்டு படம் வரும். தனியுரிமை மேல் அக்கறை இருப்பவர்கள் கை தன்னால் இரண்டாவதற்குப் போகும். எனக்கும் போனது. அப்ராக்ஸிமேட் என்றால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்றுதான் செயலிக்குத் தெரியும். ஜிபிஎஸ் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், போன் வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் கொடுக்கும். வானிலைச் செயலிக்கு அது போதும். டாக்சிக்குப் போதாது.

சரி, எங்கே பார்ப்பது? செட்டிங்ஸ் → ஆப்ஸ் → அந்தச் செயலி → பெர்மிஷன்ஸ் → லொகேஷன். 'அலௌ ஒன்லி வைல் யூஸிங் தி ஆப்' போதும். 'ஆல் தி டைம்' கொடுக்க வேண்டாம். அதே பக்கத்தின் கீழே 'யூஸ் ப்ரிசைஸ் லொகேஷன்' என்ற ஸ்விட்ச் இருக்கும். அது ஆன் ஆக வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள். ஒன்று, நீங்கள் இரண்டாவது யூசர் ப்ரொஃபைல் வைத்திருந்தால் அனுமதிகள் அங்கே தனி. முதல் ப்ரொஃபைலில் சரிசெய்துவிட்டு இரண்டாவதில் சோதித்து நான் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன். இரண்டு, பேட்டரி சேவர் ஆனாக இருந்தால் திரை அணைந்ததும் இடம் நின்றுபோகலாம். பாதிப் பயணத்தில் புள்ளி உறைந்து நிற்கும். மூன்று, எப்போதோ டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து 'செலக்ட் மாக் லொகேஷன் ஆப்' என்பதில் ஏதாவது தேர்ந்தெடுத்திருந்தால் அதை 'நத்திங்' ஆக்குங்கள். இன்னொருவர் பயன்படுத்திய பழைய போனை வாங்கியவர்கள் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

அனுமதியை மாற்றிய பிறகு செயலியை முழுதாக மூடித் திறவுங்கள். அதோடு நிறுத்தி ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். அடுத்ததை அப்போதே மாற்றினால், நான் பட்ட பாட்டைத்தான் நீங்களும் படுவீர்கள்.

## 3. செயற்கைக்கோளை மட்டும் தனியாகச் சோதியுங்கள்

ஆன்டெனா நன்றாக இருக்கிறதா என்பதை வீட்டிலேயே, கடைக்காரரிடம் போகாமல், அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற செயலி எஃப்-டிராய்டு என்ற இலவசச் செயலிக் கடையில் இருக்கிறது. திறந்த மூலம், இலவசம். அதற்கு ப்ரிசைஸ் அனுமதி கொடுங்கள்.

இப்போது வைஃபையை அணையுங்கள். செட்டிங்ஸ் → லொகேஷன் → லொகேஷன் சர்வீசஸுக்குள் போய் வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங், நெட்வொர்க் லொகேஷன் மூன்றையும் அணையுங்கள். கெட்டியான கவர் போட்டிருந்தால், அதிலும் உலோகமோ காந்தமோ இருந்தால், கழற்றுங்கள். வெளியே போய் திரை வானத்தைப் பார்க்கும்படி போனை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு 15 நிமிடம் தொடாதீர்கள்.

ஏன் 15? ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் எங்கெங்கே என்ற முழு அட்டவணை வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். வினாடிக்கு 50 பிட் வேகத்தில், 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வருகிறது. சென்னையில் அணைத்த போனை டர்பனில் திறந்தால் அது இன்னும் சென்னை வானத்தைத்தான் எதிர்பார்க்கும். இணைய உதவி இல்லாத போன் முதல் முறை சில நிமிடம் விழிப்பது இயல்பு. பலர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று உள்ளே வந்துவிடுகிறார்கள்.

திரையில் என்ன பார்க்க வேண்டும்: செயற்கைக்கோள் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் சிக்னல் பலம் ஓர் எண்ணாக வரும். திறந்த வெளியில் பலவும் 30-க்கு மேல், சில 40-ஐத் தொட்டால் ஆன்டெனா ஆரோக்கியமாக இருக்கிறது. எல்லாமே 20-க்குக் கீழே கிடந்தால், அதுவும் வேறு நாளிலும் வேறு திறந்த வெளியிலும் அப்படியே இருந்தால், அப்போதுதான் வன்பொருள் சந்தேகம் நியாயம். இடத்தையும் உயரத்தையும் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும். நல்ல வானத்தில் அதைவிட நிறையவே கிடைக்கும்.

கோயில் வளாகத்தில் எனக்கு ஏழாவது நிமிடத்தில் இடம் கிடைத்தது. கொடிமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புள்ளியும் கொடிமரத்தின் மேலேயே நின்றது. 450 ராண்ட் கொடுத்தது அப்போதுதான் உறைத்தது.

இதே சோதனையை அப்புறம் உங்கள் அறைக்குள்ளும் செய்து பாருங்கள். எண்கள் எவ்வளவு விழுகின்றன என்று தெரியும். காங்கிரீட் கூரைக்குக் கீழே, சரிவை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்புற அறையில், எனக்குப் பாதிக்கு மேல் காணாமல் போயின. சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல்தான் புள்ளியைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளுவது. ஆகவே டாக்சி போடும் முன் ஜன்னல் ஓரம் வந்து ஒரு நிமிடம் காத்திருங்கள். அப்புறம் புள்ளியை அப்படியே நம்பாமல், வண்டி வர வேண்டிய இடத்தை விரலால் கேட்டுக்கு இழுத்து வையுங்கள்.

## 4. உதவித் தரவு: பிஎஸ்டிஎஸ், எஸ்யூபிஎல்

முதல் இடம் கிடைக்கத் தாமதமாகிறது, கிடைத்தபின் சரியாக இருக்கிறது என்றால் இந்தப் படிதான் உங்களுக்கு.

பிஎஸ்டிஎஸ் என்பது அடுத்த சில நாட்களுக்குச் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்ற முன்கணிப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது. எஸ்யூபிஎல் என்பது அருகிலுள்ள செல் டவர் விவரத்தைச் சர்வருக்குக் கொடுத்து, இந்த வானத்துக்கு எந்தச் செயற்கைக்கோளைத் தேடலாம் என்று உடனே கேட்டு வாங்குவது. இரண்டும் இருந்தால் 12 நிமிடக் காத்திருப்பு சில நொடிகளாகிவிடும். கிராஃபீன்ஓஎஸில் இரண்டையும் மூன்று விதமாக வைக்கலாம்: கிராஃபீன்ஓஎஸின் சொந்தச் சர்வர் வழியாக, வழக்கமான சர்வர் வழியாக, அல்லது அணைத்துவிடலாம்.

பயத்தில் இரண்டையும் அணைத்தவர்கள் நிறையப் பேர். என் கருத்து, முதல் வகையிலேயே விடுங்கள். அதில் கோரிக்கை கிராஃபீன்ஓஎஸ் சர்வர் வழியாகப் போவதால் உங்கள் ஐபி முகவரி கூகுளுக்குத் தெரியாது. அதையும் விரும்பாதவர் எஸ்யூபிஎல்லை மட்டும் அணைத்து, பிஎஸ்டிஎஸை வைத்துக்கொள்ளலாம். பிஎஸ்டிஎஸ் எல்லோருக்கும் ஒரே கோப்பு, அதில் உங்கள் இடம் போவதில்லை.

விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் அல்லது ஃபயர்வால் செயலி வைத்திருந்தால் அது இந்தச் சர்வர்களையும் சேர்த்துத் தடுத்திருக்கலாம். ஒரு நாள் அணைத்துப் பாருங்கள். தேதி, நேரத்தையும் பாருங்கள். இந்தியாவிலிருந்து இந்த ஊர் மூன்றரை மணி நேரம் பின்னால். கையால் நேரத்தை மாற்றியவர்கள் நேர மண்டலத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் மாற்றிவிடுவார்கள். 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் தாமதம் என்றால் ஜிபிஎஸ்டெஸ்ட் மெனுவில் உதவித் தரவை அழித்துப் புதிதாகச் செலுத்தும் வசதி உண்டு. அழித்த பிறகு முதல் தேடல் மெதுவாகத்தான் இருக்கும், பதற வேண்டாம்.

## 5. வைஃபை வழி இடம்: 500 கிலோமீட்டர் தள்ளிக் காட்டிய ரூட்டர்

என் இரண்டாவது குற்றவாளி. அறைக்குள் செயலியைத் திறந்தால் புள்ளி முதலில் ஜொகனஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் போய் நிற்கும். வெளியே வந்ததும் சாட்ஸ்வொர்த்துக்குத் தாவும். கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் தாவல். போன் பைத்தியமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

நடந்தது இது. கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் தெரியாதபோது, போன் சுற்றியுள்ள வைஃபை ரூட்டர்களின் அடையாள எண்ணைப் படித்து, எந்த ரூட்டர் எங்கே இருக்கிறது என்ற பெரிய பட்டியலோடு ஒப்பிட்டு இடம் கணிக்கிறது. ஆன்ட்டியின் மகள் லெனேசியாவிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தபோது, ரூட்டரையும், அதன் சிக்னலை மற்ற அறைகளுக்கு நீட்டிக்கும் எக்ஸ்டென்டரையும் கொண்டு வந்து இங்கே மாட்டியிருக்கிறார். பட்டியலில் அவை இன்னும் லெனேசியாவில்தான் இருந்தன. பின்புற அறையில் வேறு எந்த ரூட்டரும் எட்டாது, ஆகவே அவை இரண்டும் சொன்னதே சட்டம்.

கிராஃபீன்ஓஎஸில் இது செட்டிங்ஸ் → லொகேஷன் → லொகேஷன் சர்வீசஸ் → நெட்வொர்க் லொகேஷன். நாமாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும். ஆப்பிளின் பட்டியலைப் பயன்படுத்துகிறது. கிராஃபீன்ஓஎஸ் சர்வர் வழியாகவும் கேட்கலாம், ஆப்பிளிடம் நேராகவும் கேட்கலாம். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். அருகிலுள்ள ரூட்டர்கள் இருக்கும் இடங்கள் மட்டுமே பதிலாக வருகின்றன, உங்கள் இடத்தைப் போனே கணக்கிட்டுக்கொள்கிறது. நான் ஏற்கக்கூடிய பரிமாற்றம் அது.

சோதனை எளிது. நெட்வொர்க் லொகேஷனை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் பாருங்கள். தப்பான ஊர் மறைந்துவிட்டால் காரணம் ரூட்டர்தான். தீர்வு மூன்று:

அந்த அறையில் இருக்கும்வரை நெட்வொர்க் லொகேஷனை அணைத்து வைப்பது. அல்லது பட்டியல் தானாகத் திருந்தும்வரை காத்திருப்பது. அக்கம்பக்கத்துப் போன்கள் புதிய இடத்தைத் தெரிவிக்கத் தெரிவிக்க மாறும், ஆனால் எத்தனை நாள் என்பது நம் கையில் இல்லை. மூன்றாவது, ரூட்டர்காரர் சம்மதித்தால், வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் 'நோமேப்' என்ற ஆங்கிலச் சொல்லும் இடைவெளி இல்லாமல், சின்ன எழுத்தில் சேர்ப்பது. கூகுளும் ஆப்பிளும் அப்படிப்பட்ட பெயரைத் தங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. இதுவும் உடனே நடக்காது. பெயரை மாற்றினால் வீட்டில் எல்லோரும் மறுபடி கடவுச்சொல் போட வேண்டும். ஆன்ட்டியிடம் முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எக்ஸ்டென்டருக்கு வேறு பெயர் என்றால் அதையும் மாற்ற வேண்டும், அதை மறந்துதான் நான் ஒரு வாரம் காத்திருந்தேன்.

மின்வெட்டு நேரத்தில் கட்டடத்துக்குள் இடம் திடீரென்று மோசமானால் வியக்க வேண்டாம். தெருவில் ரூட்டர்கள் எல்லாம் அணைந்துவிடுகின்றன, போன் படிக்க எதுவும் இல்லை. வெளியே வானம் எப்போதும்போல இருக்கும்.

கூகுள் பிளே போட்டிருந்தால்: கிராஃபீன்ஓஎஸில் கூகுள் பிளே தனிச் சலுகை இல்லாமல், சாதாரணச் செயலி மாதிரி கூண்டுக்குள் இருக்கும். செயலிகள் அதனிடம் இடம் கேட்டாலும், போனின் சொந்த இடச் சேவைக்கே அந்தக் கேள்வி திருப்பிவிடப்படும். இதுதான் இயல்புநிலை, அப்படியே விடுங்கள். சிலர் கேள்விப்பட்டதை வைத்து அந்தத் திருப்பிவிடுதலை அணைத்துவிட்டு, பிளே சர்வீசஸுக்கு இட அனுமதி கொடுக்க மறந்துவிடுகிறார்கள். அப்போது எந்த வழியிலும் இடம் வராது. நீங்கள் அணைத்திருந்தால் ஒன்று திரும்ப ஆன் செய்யுங்கள், அல்லது பிளே சர்வீசஸுக்கு 'ஆல் தி டைம்' ப்ரிசைஸ் அனுமதியும் அருகிலுள்ள சாதனங்கள் அனுமதியும் கொடுத்து, கூகுளின் லொகேஷன் அக்யூரசியையும் ஆன் செய்யுங்கள். பாதி பாதியாக நிற்பதுதான் தொல்லை.

## 6. லினேஜ்ஓஎஸ், மைக்ரோஜி வைத்திருப்பவர்களுக்கு

சில வருடம் முன்பு போட்டு அப்படியே விட்டவர்கள் கவனியுங்கள். மைக்ரோஜி பல காலம் நம்பியிருந்த மொஸில்லா லொகேஷன் சர்வீஸ் 2024-இல் மூடப்பட்டது. பழைய பதிப்பு இன்னும் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு இருக்கும். மைக்ரோஜியைப் புதுப்பித்து, அதன் லொகேஷன் பக்கத்தில் ஆன்லைன் சேவையாக பீக்கன்டிபியைத் தேர்ந்தெடுங்கள். அதன் தரவு தன்னார்வலர்கள் தெருத்தெருவாகத் திரட்டியது. யாரும் நடக்காத தெருவில் ஒன்றும் இருக்காது. ஆகவே 'ரிமெம்பர் ஃப்ரம் ஜிபிஎஸ்' என்பதையும் ஆன் செய்யுங்கள். நீங்கள் நடமாடும் இடங்களைப் போனே கற்றுக்கொள்ளும், தரவு போனை விட்டு வெளியே போகாது. ஒரு வாரம் பொறுங்கள், வித்தியாசம் தெரியும்.

## 7. அம்பு திசை தப்பினால்

முதலில் சென்சார் அனுமதி. கிராஃபீன்ஓஎஸில் ஒவ்வொரு செயலிக்கும் 'சென்சார்ஸ்' என்று தனி அனுமதி உண்டு. அது இல்லாவிட்டால் செயலிக்குத் திசைகாட்டி விவரமே போகாது. புள்ளி சரியாக நிற்கும், அம்பு திரும்பாது. வரைபடச் செயலிக்கு இதைக் கொடுங்கள். குயிக் செட்டிங்ஸில் 'சென்சார்ஸ் ஆஃப்' பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் காந்தம். மூடி காந்தத்தில் ஒட்டும் பர்ஸ் மாதிரியான கவர், காரில் காந்த ஸ்டாண்ட் இரண்டும் திசைகாட்டிக்குச் சத்துரு. கழற்றிவிட்டு, போனைக் காற்றில் எட்டு வடிவத்தில் நான்கைந்து முறை சுழற்றுங்கள்.

இந்த நாட்டுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. காந்த வடக்கும் உண்மை வடக்கும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒன்றுதான், ஓரிரு டிகிரி வித்தியாசம். டர்பனில் காந்த முள் உண்மை வடக்கிலிருந்து 20 டிகிரிக்கும் மேல் மேற்கே சாய்ந்து நிற்கும். திசைகாட்டிச் செயலிக்கு இட அனுமதி இல்லாவிட்டால் அதனால் இந்தக் கணக்கைத் திருத்த முடியாது. பூஜை மாடம் கிழக்கு பார்த்து வைக்க நான் போனை வைத்துப் பார்த்து, காலையில் சூரியன் வேறு பக்கம் உதித்தபோதுதான் சந்தேகம் வந்தது. அனுமதி கொடுங்கள், அல்லது 'ட்ரூ நார்த்' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

## 8. விபிஎன், உலாவி

விபிஎன் ஜிபிஎஸ்ஸை ஒன்றும் செய்யாது. இணையதளங்கள் ஐபி முகவரியை வைத்து ஊகிக்கும் இடம் மட்டுமே மாறும். விபிஎன் இல்லாமலேயே, டர்பனில் இருந்துகொண்டு மொபைல் டேட்டாவில் திறந்தால் ஜொகனஸ்பர்க் என்று வருவது சகஜம். வரைபடச் செயலி சரியாகவும் இணையதளம் மட்டும் தப்பாகவும் காட்டினால், போனில் எதையும் மாற்றாதீர்கள். கிராஃபீன்ஓஎஸோடு வரும் வேனேடியம் உலாவியில் அந்தத் தளத்துக்கு இட அனுமதி கொடுங்கள், அல்லது ஊரைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

## 9. உண்மையிலேயே வன்பொருள் பழுதென்றால்

3-ஆம் படியை இரண்டு நாள், இரண்டு இடத்தில் செய்தும் எண்கள் எழும்பவில்லை என்றால் மட்டும் இந்தப் படி.

பிக்சல் இந்த நாட்டில் கூகுளால் நேரடியாக விற்கப்படுவதில்லை. இறக்குமதி செய்பவர்களிடம்தான் வாங்கியிருப்பீர்கள், அல்லது ஊரிலிருந்து கொண்டு வந்திருப்பீர்கள். இங்கே கடையில் வாங்கியது என்றால், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவு உங்களுக்கு ஆறு மாதம் தருகிறது. அதற்குள் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்து, ரிப்பேர், மாற்றுப் பொருள், பணம் மூன்றில் ஒன்றைக் கேட்கலாம்; எது என்பது உங்கள் விருப்பம். "இறக்குமதிச் சரக்கு, உத்தரவாதம் இல்லை" என்று கவுன்டரில் சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

ஆனால் உற்பத்தியாளர் சொன்னதற்கு மாறாக மாற்றப்பட்ட பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. அதனால் கொடுக்கும் முன் பழைய ஆண்ட்ராய்டுக்குத் திரும்பி, அதிலும் ஜிபிஎஸ்டெஸ்ட் செய்து, எண்களைப் படம் பிடித்து வையுங்கள். பழுது மென்பொருளால் அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி. திரும்புவதென்றால் போனில் உள்ள எல்லாம் அழியும். முதலில் காப்புப் பிரதி எடுங்கள். வங்கிச் செயலிகளின் பதிவையும் யோசித்துவிட்டுச் செய்யுங்கள். கணினியும் நல்ல கேபிளும் இருந்தால் ஒரு மணி நேர வேலை.

கையில் கொண்டு போக வேண்டியவை: வாங்கிய ரசீது, பாஸ்போர்ட் நகல், ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்), சோதனைப் படங்கள், வாங்கிய தேதியோடு நீங்கள் எழுதிய ஒரு பக்கக் கடிதம். கடிதத்தின் நகலில் கடைக்காரர் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். "பார்க்க எவ்வளவு?" என்று திறப்பதற்கு முன்பே கேளுங்கள், எழுதியும் வாங்குங்கள். 450 ராண்ட் போனது நான் அதைக் கேட்காததால்தான்.

## 10. எண்ணாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், மைனஸ் குறியோடு

அவசர நேரத்தில் தெருப் பெயர் நினைவுக்கு வராது. ஆயத்தொலைவைப் படித்துச் சொல்லப் பழகுங்கள். ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி இணையம் இல்லாமல் வேலை செய்யும் செயலியில், உங்கள் புள்ளியை அழுத்தினால் இரண்டு எண் வரும். தசமத்துக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம். அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

நம்மூரில் இரண்டு எண்ணும் நேர்மறை, குறியைப் பற்றி யோசித்ததே இல்லை. இங்கே நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், முதல் எண்ணுக்கு முன் மைனஸ் வரும். டர்பன் நகரம் சுமார் -29.86, 31.02. அந்த மைனஸை விட்டுவிட்டு அனுப்பினால் எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் போய் விழும். ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவருக்கு நான் என் வீட்டு எண்ணைக் குறியில்லாமல் அனுப்பிவிட்டேன். "பிரமிடுக்குப் பக்கத்திலா வீடு பிடித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். வாயால் சொல்லும்போது "மைனஸ்" என்பதோடு "சவுத்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி எழுதுபவர்கள் உண்டு. 29,86 என்று யாராவது அனுப்பினால் அதைப் புள்ளியாக மாற்றித்தான் செயலியில் தட்ட வேண்டும்.

மொபைலிலிருந்து அவசர அழைப்பு 112. ஆம்புலன்ஸ் 10177, போலீஸ் 10111. இடத்தைப் போன் தானாகச் சொல்லிவிடும் என்று நம்பியிருக்காதீர்கள், தனியுரிமைப் போனில் இன்னும் கூடாது. வீட்டு எண், தெரு, சாட்ஸ்வொர்த்தில் எந்தப் பகுதி, அருகில் என்ன அடையாளம், அப்புறம் அந்த இரண்டு எண். திறந்த வானத்தில் நின்று ஒரு முறை சரியாக எடுத்த அளவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியதை ஆன்ட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு பிரதி கேட்டார். ஒன்று இப்போது என் கதவுக்குப் பின்னால், இன்னொன்று அவருடைய ஃபிரிட்ஜ் மேல்.